அப்தல்தாவின் கூரையும் ஐம்பது மடங்கு பைனாகுலரும்

அத்-பாஷி,
நவம்பர் இருபது.

பிஷ்கெக் பெரிய சந்தையில் வேட்டைச் சாமான் கடை வைத்து, கடையும் காருமாகச் சீரோடு விளங்கும் மரியாதைக்குரிய இளைய சகலை மேதெர்பெக் அவர்களுக்கு, மூத்த சகலை கச்கின்பாய் எழுதும் கடிதம். அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே ஆடு, மாடு, குதிரை யாவும் சுகம். தங்கள் மனைவியின் அக்கா சய்ராகுல் சுகம். என்னோடு மட்டும் பேச்சு இல்லை. அங்கே தாங்களும் பிள்ளைகளும் சுகமென்று நம்புகிறேன். ஒன்பது முறை போன் செய்தேன், தாங்கள் எடுக்கவில்லை. ஆகவே இதை வேன் டிரைவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். தாங்கள் கடைசி வரி வரைக்கும் படித்து முடிக்காமல் கடை வாசலை விட்டு நகரக்கூடாது என்று அவனிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

சகலையைக் கண்டால் சகலைக்குத் தலை அரிக்கும் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். எனக்குத் தங்களைக் காணாமலே அரிக்கிறது.

நான் தங்களிடம் கேட்டது என்ன? ஏழு வருஷம் கழித்து என் மகள் பெர்மெட் வயிற்றில் ஒன்று தங்கியிருக்கிறது. முன்னே இரண்டு தங்காமல் போனது தங்களுக்கே தெரியும். மருமகன் ரஷ்யாவில் வேலையாக இருப்பதால் பெண் நம் வீட்டில் இருக்கிறாள். மூன்றாம் மாசம். கண் பட்டுவிடும் என்று வெளியே மூச்சுக்கூட விடவில்லை. எதைத் தின்றாலும் வாந்தி, பச்சைத் தண்ணீர்கூட நிற்கவில்லை. அவள் ஆசைப்பட்டுக் கேட்டது ஒன்றே ஒன்று: மலைக்கடாவின் ஈரல். வீட்டு ஆட்டின் ஈரலைப் பொரித்துக் கொடுத்தால் மோந்து பார்த்துவிட்டுத் தள்ளிவிட்டாள். மசக்கைக்காரி கேட்டது கிடைக்காவிட்டால் என்னென்ன ஆகும் என்று சய்ராகுல் ஒரு பட்டியல் வைத்திருக்கிறாள். அதைத் தினமும் எனக்கு ஒப்பித்தாள். என்னிடம் ஒரு கடாவுக்கு லைசென்ஸ் இருந்தது, துப்பாக்கி இருந்தது. அறுபத்து நாலு வயசுக்குக் கண்தான் போதவில்லை. அதனால் தங்களிடம் ஒரு பைனாகுலரும் துப்பாக்கிக்கு ஒரு ஸ்கோப்பும் கேட்டேன். பார்வை தெளிவாக இருக்கணும், குளிரில் உழைக்கணும், கொடுத்த காசுக்கு வஞ்சனை இருக்கக்கூடாது என்றேன். தாங்கள் என்ன சொன்னீர்கள்? "எட்டு மடங்கெல்லாம் அந்தக் காலம் சகலை! இது அம்பது மடங்கு. கடாவோட இமையை எண்ணலாம். கண்ணாடியைப் பாருங்க, மாதுளம்பழமாட்டம் சிவப்பு! ஸ்கோப்புல பட்டனை அழுத்தினா குறிக்கோடு பச்சையா எரியும்." சிவப்பும் பச்சையும் கேட்டதும் இந்த மடையன் ரெண்டு வயசுக் குதிரைக்குட்டியை விற்று அனுப்பினேன்.

சாமான் வந்தது. புதுசாக ஒன்று வீட்டுக்கு வந்தால் முதல் தடவை பார்க்கிறவன் பார்வைச்சீர் கொண்டுவரணுமே, பக்கத்து வீட்டு அப்தல்தா ஒரு கிண்ணம் வெண்ணெயோடு வந்தான். கண்ணில் வைத்துப் பார்த்தான்.

"கச்கின்பாய், இதுல மலை ஆடுதே?"

"மலை ஆடலைடா, உன் கைதான் ஆடுது."

"அப்போ ஆணியில தொங்குதே உங்க அப்பாவோட பழசு, அதை என்ன பண்ணப்போறே?"

என் அப்பா ராணுவத்திலிருந்து கொண்டுவந்த எட்டு மடங்கு அது. தோல் உரிந்து, வார் அறுந்து கிடந்தது. "எடுத்துட்டுப் போ, காக்கா ஓட்ட உதவும்"னேன். என் வாய்க்கொழுப்பு, வேறென்ன!

அப்புறம் மலைக்குப் போனேன். கேளும், சகலை. ஐம்பது மடங்கில் என் மூச்சும் ஐம்பது மடங்காச்சு. கடா தெரியுது, உடனே வானம் தெரியுது, அப்புறம் என் குல்லாவோட ஓரம் தெரியுது. கல்லடுக்கி மேலே வெச்சுப் பார்த்தா, ஊசித் துவாரம் அளவுக்குத்தான் வட்டம். ஒரு கொம்பைக் கண்டுபிடிச்சு அதோட சொந்தக்காரனைத் தேடறதுக்குள்ள அவன் அடுத்த பள்ளத்துக்கே போயிட்டான். சாயங்காலம் கடாக்கள் மேய வெளியே வர்ற நேரத்துல உன் மாதுளம்பழம் இருட்டிப் போச்சு, வெறுங்கண்ணுக்குத் தெரிஞ்ச ஆடு அதுல தெரியல. ரெண்டாம் நாள் கண்ணாடிக்கு உள்ளேயே ஈரம் கோத்துக்கிச்சு. வெளியே துடைச்சா போகுமா? கோழி அடைகாக்குற மாதிரி அக்குள்ல வெச்சு உக்காந்திருந்தேன், சகலை, அரை நாள்! மூணாம் நாள் அந்தக் கலங்கல்லயே ஒரு கடா படுத்திருக்கறதைப் பார்த்து, ரெண்டு மணி நேரம் வயித்தால ஊர்ந்து போனா, அது பாறை. கொம்பு காய்ஞ்ச செடி. நாலாம் நாள் நெசமாவே ஒண்ணு நின்னுச்சு. கொல்லையில வாளி மூடியை வெச்சுச் சுட்டுச் சுட்டுச் சரிபார்த்த ஸ்கோப்தான். பட்டனை அழுத்தறேன், குளிர்ல பேட்டரி செத்துப்போச்சு, பச்சையும் இல்ல ஒண்ணும் இல்ல. போய்த்தொலையட்டும்னு சுட்டேன். குண்டு கடாவுக்கு ஒரு குதிரை நீளம் தள்ளி விழுந்துச்சு. மறுபடி சுட்டேன், ரெண்டு குதிரை நீளம். ஒவ்வொரு வெடிக்கும் உன் ஸ்கோப் பயந்துபோய் நகருதுய்யா! அந்தக் கடா திரும்பி என்னைப் பார்த்துச்சு. 'யார்கிட்ட வாங்கினே?'ன்னு கேட்ட மாதிரி இருந்துச்சு.

அஞ்சாம் நாள் ரெண்டையும் கழட்டி மூட்டையில எறிஞ்சேன். துப்பாக்கியோட சொந்தக் குறியை வெச்சு, எண்பது தப்படியில, வெறுங்கண்ணால சுட்டேன். விழுந்துச்சு. பிஸ்மில்லா சொல்லி அறுத்தேன். பனியில மண்டி போட்டு அழுதேன், வெட்கமில்லாம சொல்றேன். ஈரலைத் துணியில சுத்தி, கோட்டுக்குள்ள நெஞ்சோட வெச்சுக்கிட்டேன். சூடு ஆறலை. பெர்மெட் இன்னிக்குச் சாப்பிடுவான்னு அந்தச் சூடு எனக்குச் சொல்லிக்கிட்டே வந்துச்சு.

ஓடை தாண்டுற இடத்துல, குதிரை நுரை தள்ள, எதிரே வந்து நிக்கிறான் அப்தல்தா.

"ஷிரால்கா, கச்கின்பாய்! ஷிரால்கா!"

நகரத்துக்காரனுக்கு மறந்திருக்கும், ஞாபகப்படுத்தறேன். வேட்டை முடிச்சு வர்றவனை வழியில பார்த்து அந்த வார்த்தையைச் சொல்லிட்டா, சொன்னவன் கேட்டதைக் கொடுக்கணும். இல்லேன்னு சொன்ன கைக்கு அப்புறம் மலை எதையும் தராது.

"நான் வர்றது உனக்கு எப்படிடா தெரியும்?"

"கூரை மேல உக்காந்தா நீ மூக்குச் சிந்தறதே தெரியுது! உங்க அப்பா பைனாகுலர் தங்கம்யா. அஞ்சு நாளா தெருவே எங்க கூரையில டீ குடிச்சிக்கிட்டு உன்னைப் பார்த்துச்சு. மூணாம் நாள் அந்தப் பாறையைப் பிடிச்சியே, எல்லாரும் கை தட்டினோம்."

"சரி, ஒரு தொடையை எடுத்துக்க."

"தொடை வேணாம். ஈரல் கொடு."

"தலையை எடுத்துக்க, கொம்போட. தோலையும் எடுத்துக்க."

"ஈரல்தான், கச்கின்பாய். வீட்டுல வேணும்."

என்ன சொல்றது? பொண்ணு உண்டாயிருக்கான்னு நடு ஓடையில நின்னு கத்தறதா? ரெண்டு தடவை போனதை நினைச்சேன். கோட்டுக்குள்ள கை விட்டு எடுத்துக் கொடுத்தேன். அந்தக் கழுகுப் பய வாங்கிக்கிட்டு, குதிரையைத் திருப்பி ஓட்டிட்டான். முப்பது வருஷம் பக்கத்து வீடு! அவன் வெண்ணெய்க் கிண்ணத்தை நான் திருப்பிக் கொடுக்கப் போனப்போ, அதுல சர்க்கரை போட்டுக் கொடுத்தேன். நன்றி கெட்டவன், அவன் பானையில பருக்கை ஒட்டாம போகட்டும்.

பாலத்துல இன்னும் நாலு பேர், அதே கூரையில டீ குடிச்சவனுங்க. அவனுங்களும் எடுத்த எடுப்புல ஈரலைத்தான் கேட்டானுங்க. போயாச்சுன்னேன். தொடை ரெண்டும் முதுகுக்கறியும் போச்சு. வீட்டுக்கு வந்தது தலையும் கொஞ்சம் விலா எலும்பும்.

"அஞ்சு நாள் மலையில கிடந்து கொம்பையா கொண்டாந்தீங்க? வேகவெச்சு அவளுக்கு ஊட்டவா?"ன்னு கேட்டா சய்ராகுல். அதுதான் அவ கடைசியாப் பேசினது. பெர்மெட், "பரவால்லப்பா"ன்னு சொல்லிட்டுச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா. அவ திட்டியிருந்தா தாங்கியிருப்பேன்.

ஆகையால் மேதெர்பெக், உன் மாதுளம்பழத்தையும் ஸ்கோப்பையும் இதோட அனுப்பியிருக்கேன். எனக்கு என் குதிரைக்குட்டி வேணும். உன் கடை செழிக்கட்டும். உன்கிட்ட வாங்கினவன் ஒருத்தனும் உன்னைத் தேடி வராம இருக்கட்டும், கண்ணு தெரிஞ்சாத்தானே வருவான். பிள்ளைங்களுக்கு என் முத்தம், பெரியவங்களுக்கு என் சலாம். நீ மட்டும் இந்த வாசல்ல கால் வைக்காதே.

இப்படிக்கு,
சொந்தக் கண்ணை நம்பாமல் சகலையை நம்பிய
கச்கின்பாய்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போற நேரத்துல அப்தல்தா பொண்டாட்டி வந்தா, முந்தானைக்குள்ள மூடின சட்டியோட. வால் கொழுப்புல வதக்கின ஈரல். நேத்தே கொண்டாந்திருப்பாளாம், நம்ம வீட்டுல ஆள் நடமாட்டமா இருந்துச்சாம். பெர்மெட் கொட்டகைக்குப் பின்னால வாந்தி எடுக்கறதை அவ புருஷன் கூரையிலேர்ந்து மூணு வாரமாப் பார்க்கிறானாம். சய்ராகுல் எனக்கு ஒப்பிச்ச ஈரல் பேச்சும் மதில் தாண்டிக் கேட்டுச்சாம். பொண்டாட்டியைத் தவிர யார்கிட்டயும் மூச்சு விடலையாம்; பைனாகுலரை நம்ம வீட்டுப் பக்கம் திருப்ப ஒருத்தனையும் விடலையாம். பாலத்துல நாலு பேர் எனக்காகக் காத்து நின்னதையும் கூரையிலேர்ந்து பார்த்திருக்கான். அதான் அவனுங்களுக்கு முந்தி குதிரையை அப்படி விரட்டிக்கிட்டு வந்திருக்கான். பெர்மெட் சட்டியை வழிச்சுச் சாப்பிட்டா. ரெண்டு மணி நேரமாச்சு, வாந்தி இல்லை. சய்ராகுல் பேசிட்டா: "வழியை விட்டுத் தள்ளுங்க"ன்னா. நான் மதில் ஓரமாப் போய், "அப்தல்தா, அந்தப் பழசைத் திருப்பிக் கொடுக்கறியா?"ன்னு கேட்டேன். கூரையிலேர்ந்து எட்டிப் பார்த்து, "பிள்ளை பிறக்கட்டும், பார்வைச்சீரா கொண்டாறேன். முதல்ல பார்த்தவன் நான்தானே!"ன்னான். ஆகையால் சகலை, மேலே அவனைத் திட்டின வரிகளையெல்லாம் அடிச்சிடு. உன்னைத் திட்டினதுல ஒரு எழுத்தையும் தொடாதே.