கரடி கைமாற்றிய புழு

ஒரு காட்டில், அதாவது பிறந்த காட்டை விட்டுப் பிழைக்கப் போன குளிர்க்காட்டில், செங்கோடன் என்ற மரங்கொத்தி வேலை பார்த்து வந்தது. மரத்தைத் தட்டிப் பார்த்தே நோய் எங்கே என்று சொல்லிவிடும் கைகாரன் அது. அந்தத் திறமைக்காகத்தான் சடையன் என்ற கரடி அதைத் தன் தோப்புக்கு வரவழைத்திருந்தது. கூலி மாதம் ஒரு கூடை அத்திப்பழம். மரத்தில் கிடைக்கும் புழு பூராவும் செங்கோடனுக்கே. செங்கோடனும் மனைவி பூவாத்தாளும் வயிறாரத் தின்று கொழுகொழுவென்று இருந்தன.

தங்கும் அனுமதி முடியப் போகிற நேரம் பார்த்துப் பொந்தில் முட்டை பொரிந்தது. அனுமதியை நீட்டிக்காவிட்டால் காட்டைக் காலி செய்தாக வேண்டும். இறகே முளைக்காத குஞ்சுகளை எப்படித் தூக்கிப் போவது? செங்கோடனுக்குக் கதி கலங்கிவிட்டது.

குளத்தங்கரையில் அனுமதி அதிகாரியான கொக்கு ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தது. அரை நாள் வரிசையில் நின்ற பிறகுதான் செங்கோடனின் முறை வந்தது.

"வருமானம் பத்தாதுப்பா. வரம்பை உயர்த்தியாச்சு. மாசம் அஞ்சு கூடை காட்டணும்" என்றது கொக்கு.

"ஐயா, புழுவையும் சேர்த்தா தாராளமா வருமுங்க."

"புழுவை யாரு கொடுத்தா?"

"மரத்துல இருந்து நானே எடுத்துக்கறனுங்க."

"அப்ப அது சாப்பாடு. முதலாளி கையால வாங்கினாத்தான் வருமானம். அமாவாசைக்குள்ள வாங்கிக் காட்டு."

கரடியிடம் போய் அழாத குறையாகச் சொன்னது செங்கோடன்.

"இதுக்கா மூஞ்சியைத் தொங்கப் போட்டுட்டு வந்தே?" என்றது கரடி. "எடுக்கிற புழுவை என்கிட்டக் கொடு. நான் உன்கிட்டக் கொடுக்கறேன்."

முதல் நாள் வாங்கியதைக் கரடி அப்படியே திருப்பிக் கொடுத்தது. மறுநாள் ஒரு புழு உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது. கரடி அதை நக்கிப் பார்த்தது. தன் தோப்பில் இப்படி ஒரு ருசி இருப்பது அதுவரை அதற்குத் தெரியாது. அன்றிலிருந்து கைமாற்றும் கூலி என்று பாதியை வாயில் போட்டுக்கொண்டது.

வரம்பைத் தொட வேண்டுமானால் இரட்டிப்பாகக் கொத்த வேண்டும். செங்கோடன் விடிய எழுந்து பொழுது சாயும்வரை கொத்தியது. வாங்கிய பாதியையும் கொக்குக்குக் காட்ட அப்படியே சேர்த்து வைத்தது.

"ஏனுங்க, குஞ்சுங்க வாயைத் திறந்துட்டே கிடக்குதுங்க. அதுல ஒண்ணு ரெண்டு போட்டா என்னங்க?" என்றது பூவாத்தாள்.

"கணக்குல குறையும் பூவா" என்றது செங்கோடன். சொல்லிவிட்டு மனைவி முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டு வெளியே போய்விட்டது.

அமாவாசையன்று கொக்கு கூடைகளைப் பார்த்தது. பிறகு எலும்பும் தோலுமாக நின்ற செங்கோடனை ஏற இறங்கப் பார்த்தது.

"போன தடவை கொழுத்துப் போய் வந்தே. வருமானம் இல்லாதவன் அப்படி இருந்தா எங்களுக்குச் சந்தேகம் வராதா? இப்பத்தான் சம்பாதிக்கிறவன் மாதிரி இருக்கே."

அனுமதி கிடைத்தது. செங்கோடன் ஆனந்தக் கண்ணீரோடு பொந்துக்குத் திரும்பியது. அங்கே இறகு அரும்பிய மூத்த குஞ்சு, பசி பொறுக்காமல் சுவரைத் தானே கொத்தி ஒரு புழுவை இழுத்து வாயருகே கொண்டுபோயிருந்தது.

செங்கோடன் பதறிப்போய் அதைப் பிடுங்கியது.

"பொறு கண்ணு. கரடி மாமன் கையால வாங்கிட்டு வந்து தர்றேன்" என்று சொல்லித் தோப்பை நோக்கிப் பறந்தது.

நீதி: நீயே எடுத்துத் தின்றால் நீ ஏழை. உன்னுடையதில் பாதியைத் தின்றுவிட்டு மீதியைக் கொடுக்க ஒருவர் இருந்தால்தான் நீ திறமைசாலி.