முனிரத்தினம் தாத்தாவின் ருமேனியத் தொப்பி

ஆந்திராவில் நகரி ஊரில் தையல் கடை வைத்திருக்கும் சுலோச்சனா, ஒரு புதன்கிழமை காலையில் தன் கணவர் மாசிலாமணிக்குக் கெடு விதித்தாள். ஒரே வாரத்தில் பீரோவின் கீழ்த்தட்டுகள் இரண்டும் காலியாக வேண்டும். பள்ளிக்கூடம் திறக்கப்போகிறது, ஐந்நூறு யூனிபார்முக்கு ஆர்டர் வந்திருக்கிறது, துணி வைக்க இடமில்லை. அங்கே குடியிருப்பவர்கள் எங்கே வேண்டுமானாலும் போகட்டும்.

குடியிருந்தவர்கள் ருமேனிய ராணுவ வீரர்கள். மொத்தம் நாற்பத்தேழு பேர். இரண்டு உலகப் போர்களின்போதும் ஸ்டுடியோவில் விறைப்பாக நின்று போட்டோ பிடித்துக்கொண்டவர்கள்.

மாசிலாமணி ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். ஐந்து வருஷம் முன்னால் அங்கே மெஷின் பூட்ட வந்த ருமேனிய இன்ஜினியர் ஒருவர், ஞாபகார்த்தமாக ஒரு பழைய பட்டாள போட்டோவைக் கொடுத்துவிட்டு விமானம் ஏறினார். அந்த தேசத்தின் பெயரிலேயே மேனியா என்கிற பைத்தியம் இருப்பதை மாசிலாமணி அப்போது கவனிக்கவில்லை. அதன் பிறகு இன்டர்நெட் ஏலம், கடல் கடந்து வரும் கவர்கள், கையில் பூதக்கண்ணாடி. சட்டைக் காலரைப் பார்த்தே எந்தப் படை என்று சொல்லிவிடுவார். தட்டையான பெரே தொப்பி என்றால் மலைப்படை. குதிகாலில் முள்வைத்த பூட்ஸ் என்றால் குதிரைப்படை. முன்னும் பின்னும் கொம்பு முளைத்த மாதிரித் தொப்பி இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ருமேனியா. மச்சினனுக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால் மட்டும் சற்று யோசிப்பார்.

கெடு கேட்டதும் அவர் ஒரு வீரத் தீர்மானம் எடுத்தார். ஒரு சிப்பாய்கூட இந்த வீட்டு வாசலைத் தாண்டமாட்டான். தீர்மானத்தை மனசுக்குள்ளேதான் எடுத்தார். வாய்விட்டு எடுத்துப் பழக்கமில்லை.

யோசித்ததில் ஒரு வழி கிடைத்தது. சுலோச்சனாவின் பிறந்த வீடு கார்வேட்டிநகரம். அவள் தாத்தாவுக்கு முனிரத்தினம் என்று ஓர் அண்ணன். இரண்டாம் உலகப் போருக்குப் பட்டாளத்தில் சேர்ந்து கப்பல் ஏறியவர், திரும்பவில்லை. ஒரு போட்டோகூட இல்லையே என்று அந்தக் குடும்பம் இன்றைக்கும் ஆற்றாமைப்படும். மாசிலாமணி தன் படையைப் பார்வையிட்டார். கறுத்த முகம், கம்பளிப்பூச்சி மீசை, ஏக்கமான கண். ருமேனியாவின் பிளோயெஸ்ட்டி நகரத்து ஸ்டுடியோவில் நின்ற ஒரு காலாட்படைக்காரர் தேர்வானார். வியாழக்கிழமை திருப்பதிக்குப் போய்ப் படத்தைப் பெரிதாக்கி, மூலப்படத்தையும் அதன் பின்னாலேயே வைத்து பிரேம் போட்டுக்கொண்டு வந்தார்.

இதுதான் உன் முனிரத்தினம் தாத்தா, வெளிநாட்டுப் போட்டோக்களைக் குடைந்ததில் கிடைத்தார் என்று சுலோச்சனாவிடம் நீட்டினார். சித்தூர் ஜில்லாப் பட்டாளத்து ஆட்கள் பலரும் இந்தக் கூட்டத்தில் கலந்து கிடக்கிறார்கள், அதனால்தான் இவ்வளவு நாள் பத்திரமாக வைத்திருந்தேன் என்றும் சேர்த்துக்கொண்டார். சுலோச்சனா கழுத்தில் அளவு நாடாவோடு அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள்.

"மூக்கு அப்படியே எங்க நைனா மூக்கு," என்றாள்.

மாசிலாமணிக்கு லேசாகக் குற்ற உணர்ச்சி வந்தது. ஜெயித்த சந்தோஷத்தில் அது உட்கார இடம் கிடைக்காமல் போய்விட்டது. பீரோவைப் பற்றி அவள் பேச்சே எடுக்கவில்லை. போனை எடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் கார்வேட்டிநகரத்திலிருந்து பதினேழு பேர் வந்து இறங்கினார்கள். தலைமை, அவள் சித்தப்பா வெங்கடரமணன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே படத்தின் முன்னால் போய் நின்றார். எழுபது வயசு மனிதர் குலுங்கிக் குலுங்கி அழுதார். பிறகு மாசிலாமணியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, எங்கள் வம்சத்துக்கே கண் கொடுத்தீர்கள் என்றார். மாலை போட்டார்கள், பொட்டு வைத்தார்கள். காலாட்படை, குதிரைப்படை என்று கரைத்துக் குடித்தவருக்குப் படையல் என்று ஒரு படை இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. வடை, பாயசம், ஆட்டுக்கறிக் குழம்பு. பிளோயெஸ்ட்டிக்காரர் எல்லாவற்றையும் ஏக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லோரும் சாப்பிட்டு முடித்து வெற்றிலை போடும்போது சுலோச்சனா சாவதானமாக ஆரம்பித்தாள்.

"சித்தப்பா, பெரிய தாத்தாகூடப் போன நம்ம ஜில்லாக்காரங்க இன்னும் எவ்ளோ பேரு பீரோவுல கீறாங்க. பாக்கறீங்களா?"

மாசிலாமணி எழுவதற்குள் பீரோ திறந்துவிட்டது. நாற்பத்தாறு பேரும் கூடத்துப் பாயில் வரிசையாகப் படுத்தார்கள். உறவுக்காரர்கள் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். சித்தப்பா மகள் தாட்சாயணி, தன் மாமனார் வகையிலும் ஒருவர் பட்டாளத்துக்குப் போய்த் தொலைந்தார் என்று சொல்லி ஒரு படத்தைக் கையில் எடுத்து, இவர் யார் என்று மாசிலாமணியைக் கேட்டாள்.

பொய் சொல்ல அவருடைய நிபுணத்துவம் இடம் தரவில்லை. பூட்ஸைப் பார்த்தார். குதிரைப்படை என்றார்.

"குதிரைன்னா அவருதான்," என்றார் வெங்கடரமணன். "அவங்க வூட்லதான் ஜட்கா இருந்திச்சி."

குதிரைப்படைக்காரர் தாட்சாயணியின் பைக்குள் போனார். இன்னொருவரை மலைப்படைக்காரர் என்று மாசிலாமணி சொன்னது வினையாகிவிட்டது. நாராயணவனத்து மலையடிவாரத்தில் பெண் எடுத்த ஒருவர் அவரைச் சொந்தம் கொண்டாடினார். சித்தப்பாவின் பேரன் சிரஞ்சீவி போலீஸ் எஸ்.ஐ. செலக்ஷனில் இரண்டு தடவை தோற்றவன். வம்சத்தில் ஏற்கெனவே ஓர் ஆபீசர் இருந்தால் நல்லது என்று மார்பு நிறையப் பதக்கம் குத்திய கர்னலை எடுத்துக்கொண்டான். மாசிலாமணி இரண்டு வருஷம் ஏலத்தில் காத்திருந்து பிடித்த கர்னல் அவர். தடுக்கலாம். தடுத்தால் காரணம் சொல்லவேண்டும். காரணம் சொன்னால் மாலையோடு தொங்குகிற முனிரத்தினம் தாத்தா கீழே இறங்கவேண்டும். இப்படியே நாற்பத்தாறு பேருக்கும் சொந்தம் கிடைத்தது. கடைசியில் ஒவ்வொரு படத்தின் முதுகிலும் தங்கள் தாத்தாக்களின் பெயரும் ஊரும் எழுதித் தரச் சொன்னார்கள். எழுதினார். பிளோயெஸ்ட்டிக்காரரையும் சித்தப்பா கையோடு கேட்டு வாங்கிக்கொண்டார். தலைக்கட்டு வீட்டில்தானே அவர் இருக்கவேண்டும்.

ஐந்து மணி பஸ்ஸில் ருமேனிய ராணுவம் மொத்தமும் கார்வேட்டிநகரத்துக்குப் புறப்பட்டது.

சுலோச்சனா பீரோத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மாசிலாமணி வாசற்படியில் உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, உண்மையை ஒப்புக்கொண்டார். அது அவள் தாத்தாவே இல்லை என்றார்.

"தெரியுமே."

"தெரியுமா? எப்ப?"

"நீங்க தூக்கிக்கினு வந்த அன்னிக்கே. அஞ்சு வருசமா காபி குடிக்கும்போதெல்லாம் அந்தத் தொப்பியப் பத்தித்தான பேசிக்கினு கீறீங்க. ரெண்டு கொம்பு இருந்தா ருமேனியான்னு எனக்கே மனப்பாடம், படத்துல அந்தாளு தலைல அதான கீது." துணியை உதறினாள். "கோட்டுத் தையலும் நம்மளுது இல்ல. தோள்ல பாத்தாலே தெரியும்."

பின்னே எதற்கு அழுதாய் என்று கேட்டார். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷமாக என் ஜனத்துக்கு இந்த வீட்டில் ஒரு வேளைச் சாப்பாடு போட்டதில்லை, அதை நினைத்தேன், அழுகை வந்தது என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். மாசிலாமணிக்கு அது உறைத்தது. அதே சமயம் கர்னலையும் மறக்க முடியவில்லை. தெலுங்கில் ஒருவருக்குத் தொப்பி வைத்தார்கள் என்றால் ஏமாற்றினார்கள் என்று அர்த்தம். தனக்கு வைத்த தொப்பியில் எத்தனை கொம்பு என்று எண்ணிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் லீவு போட்டார். முதல் பஸ்ஸில் கார்வேட்டிநகரம் போனார். மானம் போனாலும் சரி, உண்மையைச் சொல்லிப் படங்களை மீட்பது என்று முடிவு. வெங்கடரமணன் வீட்டில் பிளோயெஸ்ட்டிக்காரர் விபூதிப் பட்டையோடு நடுக்கூடத்தில் இருந்தார். மாசிலாமணி ஒன்றையும் மறைக்கவில்லை. ஸ்டுடியோ முத்திரையை விளக்கினார். காலரை விளக்கினார். இவர்களில் ஒருவர்கூட நம்மவர் இல்லை, அத்தனை பேரும் ருமேனியாக்காரர்கள், செய்தது தப்பு, மன்னித்துவிடுங்கள் என்று சித்தப்பாவின் காலைத் தொடவும் போனார்.

வெங்கடரமணன் பதறி அவரைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தார். முகத்தில் கோபமே இல்லை. பரிதாபமாகத்தான் பார்த்தார்.

"சுலோச்சனா ராத்திரியே போன்ல சொல்லிட்டா மாப்ள. குடுத்துட்டாரே தவிர மனசு தாங்காது, காலைல மொத பஸ்ஸுக்கே வருவாரு, வேற தேசத்து ஆளுங்கன்னு சாதிப்பாரு, எதுவும் மனசுல வெச்சிக்காம ஒரு காபி குடுத்து அனுப்புங்கன்னா."

காபி வந்தது. சர்க்கரை பாதிதான் போட்டிருந்தார்கள். அதையும் சொல்லியிருந்தாள்.