குறி சொன்னவனெல்லாம் சாமியா, மாமா?

மார்ச் 9, திங்கட்கிழமை, காலை பதினொன்றே கால் மணி. இன்று இதுவரை லிஃப்ட் மோட்டார் அறைக்கு வந்து என்னிடம் எதிர்காலம் கேட்டவர்கள் பதின்மூன்று பேர். லிஃப்டைப் பற்றிக் கேட்டவர் ஒருவர்.

பெருமதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு, தங்கள் அக்கா மகனும் தங்கள் லிஃப்ட் கம்பெனியின் கடைசி மெக்கானிக்குமான நான் பணிவுடன் எழுதுவது. நான் நலம். தாங்களும் அத்தையும் நலமாகத்தான் இருப்பீர்கள், இல்லாவிட்டால் தகவல் வந்திருக்கும். போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிட்டு வைத்துவிடுகிறீர்கள், அதனால்தான் கடிதம்.

போன வாரம் இந்தக் குடியிருப்பின் தண்ணீர் மோட்டார் பக்கமாகப் போனவன், கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், நடுக்கம் அளக்கிற மீட்டரை அதன்மேல் வைத்தேன், முள் எகிறியது, பேரிங் தேய்ந்துவிட்டது, ஒரு வாரம் தாங்காது என்று வாட்ச்மேனிடம் சொன்னேன், வியாழக்கிழமை அது நின்றுவிட்டது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைகூட இல்லை, பழம் அழுகியிருப்பதைக் காக்கை பார்த்துச் சொன்ன கதை. ஆனால் சேதி முதல் மாடிக்குப் போவதற்குள் நான் வியாழன் பதினோரு மணி என்றே சொன்னதாக ஆகி, மூன்றாம் மாடிக்கு ஏறும்போது நான் சொன்னதால்தான் நின்றது என்று முடிந்துவிட்டது. அன்று பிடித்தது சனி. விசா வருமா என்று ஒருவர், மகன் தேறுவானா என்று ஒருவர், எதிர்வீட்டுக்காரன் எப்போது காலி செய்வான் என்று ஒருவர். வாட்ச்மேன் தன் பழைய ரேடியோவை நீட்டி, திறக்க வேண்டாம், தொட்டால் போதும் என்றார். தொட்டேன், பாடியது. பேட்டரி தலைகீழாக இருந்தது, திருப்பிப் போட்டேன் என்று அவருக்கு மூன்று தடவை விளக்கிவிட்டேன். தன்னடக்கம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இதெல்லாம் போகட்டும். லிஃப்ட் மோட்டாரிலும் அதே கோளாறு. ஒன்றரை நாள் பூட்டிவைத்து பேரிங்கை மாற்ற வேண்டும், அதற்குக் குடியிருப்போர் சங்கச் செயலாளர் கையெழுத்து வேண்டும் என்பது நீங்கள் போட்ட விதி. செயலாளருக்கு இங்கே 'தீர்மானம்' என்று பெயர், தும்மினாலும் தீர்மானம் போட்டுவிட்டுத்தான் மூக்கைத் துடைப்பார். நேற்றுக் கூட்டம் கூட்டினார். லிஃப்ட் பழுதாவதை இரண்டு மாதம் ஒத்திவைக்குமாறு மெக்கானிக் தம்பியைக் கேட்டுக்கொள்வது என ஏகமனதாக நிறைவேற்றினார்கள். அது என் கையில் இல்லை சார் என்றேன். அவர் என் தோளில் கைபோட்டு, "சொல்லத் தெரிஞ்ச உங்களுக்கு நிறுத்தத் தெரியாதா தம்பி? மனசு வைங்க" என்றார்.

இங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது மாமா. குறி சொல்வது வேறு, தெய்வமாக இருப்பது வேறு. நான் செய்வதும் ஒருவகைக் குறிதான், ஒப்புக்கொள்கிறேன், ஆடுவதைப் பார்த்து விழப்போவதைச் சொல்கிறேன். ஆனால் அது தபால்காரன் வேலை. வந்த கடிதத்தில் துக்கச் செய்தி இருந்தால் தபால்காரனிடமே கொடுத்து, நல்லதாக மாற்றி எழுதிக் கொண்டுவா என்பார்களா? இவர்கள் என்னைக் கும்பிடத் தயார், ஸ்பேனர் எடுக்கத்தான் விடமாட்டேன் என்கிறார்கள்.

அந்த ஒருவர் யாரென்று சொல்லவில்லையே. நாலாம் மாடி அம்மா. அவர் கணவருக்கு நெஞ்சில் அறுவை சிகிச்சை, வியாழன் காலை வீட்டுக்கு வருகிறார், படி ஏறவே கூடாதாம். அந்த அம்மா படியில் நின்றபடியே கேட்டார்: "அவருக்கு என்ன ஆகும்னு கேக்கல தம்பி. அதுக்கு டாக்டர் இருக்காரு. இது வியாழக்கிழமை ஓடுமா, ஓடாதா?"

"மாத்தினா ஓடும்மா. மாத்தலைன்னா, நடுவுல நின்னுடும்."

"அப்ப மாத்துங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இந்தக் கட்டடத்தில் என்னை மெக்கானிக்காக மதித்த ஒரே ஜீவன். அவர் கணவரை, நெஞ்சில் தையலோடு, இரண்டு மாடிக்கு நடுவே இருட்டுப் பெட்டிக்குள் நிறுத்திவைக்க என்னால் முடியாது. ஆகவே தாங்கள் நேரில் வந்து, நான் வெறும் மனிதன், அதுவும் சம்பளத்துக்கு வேலை செய்கிற மனிதன் என்று இவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். பொய் சொல்லிக் காரியம் சாதிக்கிற புத்தி எனக்குக் கிடையாது என்பது தங்களுக்கே தெரியும்.

அத்தைக்கு என் வணக்கம். வாண்டுகளுக்கு என் ஆசி, அதற்கு இங்கே இப்போது நல்ல கிராக்கி.

இப்படிக்கு,
தங்கள் மருமகன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் தீர்மானம் தனியாக வந்து, கதவைச் சாத்திவிட்டு, சங்கத் தேர்தலில் மறுபடியும் ஜெயிப்பாரா என்று கேட்டார். தெரியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பிறகு மோட்டார் மூடியில் காதை வைத்துக் கண்ணை மூடினேன். "புதன் சாயங்காலத்துக்குள்ள இது சரியானா ஜெயிப்பீங்க. இல்லைன்னா, நான் சொல்ல விரும்பல" என்றேன். கண்ணைத் திறந்தபோது கையெழுத்துப் போட்டு முடித்திருந்தார். ஆகவே தாங்கள் வர வேண்டாம். இனி நான் செய்யப்போவது:

1. இந்த நிமிடமே லிஃப்டைப் பூட்டுவேன்.

2. புதன் மாலைக்குள் பேரிங்கை மாற்றி, மணல் மூட்டை ஏற்றி நாலு மாடிக்கும் ஓட்டிப் பார்ப்பேன்.

3. வியாழன் காலை வாசலில் நின்று, அந்த அம்மாவின் கணவரை நானே மேலே கொண்டுபோய் விடுவேன்.

4. அன்று மாலையிலிருந்து வீடு வீடாகப் போய் தீர்மானத்துக்கு ஓட்டுக் கேட்பேன். அந்த ஆள் தோற்றுவிட்டால், ஜெனரேட்டர் வயர் கருகுகிறது என்று அடுத்த மாதம் நான் சொல்லும்போது எவன் நம்புவான்?