அரைக் கிளாஸ் ஒழுக்கம்

பாரத நாட்டு இளைஞர்களைக் கெட்ட வழியிலிருந்து தடுத்தாட்கொண்ட மகான்களின் வரலாறு என்றைக்காவது எழுதப்பட்டால், அதன் முதல் அத்தியாயம் புதுச்சேரியின் பாகூர் கொம்யூனில், திரு. மணவாளன் அவர்களின் வெல்லம் காய்ச்சும் கொட்டகையில்தான் தொடங்கியாக வேண்டும். நான் அங்கே இருந்தேன். கடைசி வரிசையில், கரும்புச் சக்கைக் குவியலின் மேல். வரலாறு நடக்கும்போது எல்லோருக்கும் நாற்காலி கிடைப்பதில்லை.

பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறி மூன்று வருஷம் ஆகியிருந்தது. சட்டப்படி ஊர் யாருடையது என்று பாரீஸில் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தார்கள். சாராயக் கடை யாருடையது என்பதில் மட்டும் குழப்பமே இல்லை. பச்சையப்பனுடையது. வெள்ளைக்காரன் காலத்திலும் அவர்தான் ஊற்றினார்; விடுதலைக்குப் பிறகும் அவரே ஊற்றினார். இடையில் ஒரு பொழுதுகூடக் கடை சாத்தவில்லை. அதற்குப் பெயர்தான் நிர்வாகத் தொடர்ச்சி.

'இளைஞர் ஒழுக்கப் பாதுகாப்புச் சபை' பிறக்கக் காரணமானவள் மீன் விற்கும் எல்லம்மாள். புருஷன் குடித்துக் குடித்தே போய்ச் சேர்ந்தவன். ஒரே மகன் ராமு, வயது பதினைந்து. ஒருநாள் மீன்கூடையோடு வந்தவள், வாய்க்கால் வரப்பில் ஒரு பையன் போதையில் உருண்டு கிடப்பதைப் பார்த்து, "எவ பெத்த புள்ளையோ" என்று உச்சுக்கொட்டினாள். கிட்டப் போனபோது தெரிந்தது, அவள் பெற்ற பிள்ளைதான்.

அவள் போட்ட கூச்சலில் மறுநாளே சபை கூடிவிட்டது. தலைவர், ஊரில் பாதிக் கரும்புக்குச் சொந்தக்காரரான மணவாளன். துணைத் தலைவர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோன் வரை போய்வந்து பென்ஷன் வாங்கும் சம்மந்தம். பதக்கங்களைக் குத்திக்கொண்டு வந்திருந்தார். பொருளாளர் பதவிக்குத் தாமாகவே முன்வந்த தியாகி, பச்சையப்பன்.

எல்லம்மாள் கூடையை இறக்கிவிட்டு நின்றபடியே பேசினாள்.

"அய்யா, நான் பெருசா ஒண்ணும் கேக்கல. பொழுது சாஞ்சா பசங்க கையில பாட்டிலக் குடுத்து, சாராயம் வாங்கியாடான்னு அனுப்புறீங்க. வர்ற வழியில மோந்து பாக்குறான், நக்கிப் பாக்குறான், அப்புறம் வுழுந்து கெடக்குறான். அனுப்பாதீங்க. அவ்ளோதான்."

எங்கள் பக்கத்துப் பண்பாட்டை இங்கே விளக்க வேண்டும். பெரிய மனிதர் எவரும் சாராயக் கடை வாசலில் போய் நிற்கமாட்டார். அது கௌரவக் குறைச்சல். வீட்டுக்குள் உட்கார்ந்து குடிப்பது கௌரவம். கடைக்கும் கௌரவத்துக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பையன்கள் நடந்தார்கள்.

"இன்னா எல்லம்மா, அவசரப்படுறே?" என்றார் மணவாளன். "நோவு இன்னான்னு தெரியாம மருந்து குடுக்க முடியுமா? மொதல்ல மூல காரணத்தப் புடிக்கணும்."

மூல காரணம் துரத்திப் பிடிக்கப்பட்டது. சினிமா என்றார் ஒருவர். கிராப்புத் தலை என்றார் இன்னொருவர். வாடகை சைக்கிள்தான் என்று பச்சையப்பன் மேசையைத் தட்டினார்.

"சைகோன்ல ஒரு பையன் சாராயத்தத் தொடமாட்டான்," என்றார் சம்மந்தம். "ஏன்? திசிப்ளின்!"

"நீ தொட்டியா சித்தப்பா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"நான் இன்னா பையனாடா?"

முடிவில், 'பதினெட்டு வயது நிரம்பாத எவனும் சாராயக் கடை வாசலை மிதிக்கலாகாது' என்று ஏகமனதாகத் தீர்மானம். கைதட்டலில் கொட்டகைக் கூரை அதிர்ந்தது. தட்டிய கைகளுக்கு, சாயங்காலம் என்று ஒன்று வரும் என்பது அப்போது தோன்றவில்லை.

வந்தது.

தலைவர் வீட்டில் நெத்திலி வறுபட்டுவிட்டது. பாட்டில் காலி. தினமும் வாங்கிவரும் ராமுவைக் காணோம். மணவாளன் கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தார். அங்கே சம்மந்தம் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு தாமே கடைக்குக் கிளம்பினார். எதிரே கோயில் குருக்கள் வந்தார். "சும்மா காத்து வாங்க…" என்று சொல்லித் துணைத் தலைவர் பின்வாங்கினார். ஜப்பான்காரனைக் கண்டு பின்வாங்காதவர்!

இரண்டு வறண்ட மாலைகளுக்குப் பிறகு அவசரக் கூட்டம். தீர்மானத்துக்கு ஒரு சிறு திருத்தம்: 'பெரியோர் பணிக்காகச் செல்லும் சிறுவர்களுக்கு மேற்படி தடை பொருந்தாது.' யோக்கியப் பையனையும் கெட்டுப்போன பையனையும் எப்படிப் பிரித்தறிவது? பித்தளை வில்லை! 'ஒழுக்கத் தொண்டர்' என்று பொறித்த முதல் வில்லை, பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு முன்னுரிமை என்ற அடிப்படையில், ராமுவின் சட்டையிலேயே குத்தப்பட்டது.

"நான் கேட்டது இன்னா, நீங்க குத்துறது இன்னா?" என்றாள் எல்லம்மாள்.

"உம்மவன் இனிமே தொண்டன். பெருமப்படுவியா…" என்றார் மணவாளன்.

அந்த மாதமே ஊரைப் பேராபத்து சூழ்ந்தது. தொண்டர்கள் வழியில் குடித்துவிட்டு, குறைந்த அளவுக்கு வாய்க்கால் தண்ணீரை ஊற்றி நிரப்பியிருந்தார்கள். சபையின் வரலாற்றில் அவ்வளவு தார்மீகக் கோபத்தை நான் கண்டதில்லை.

"பையன் குடிக்கிறான். சரி, வயசு," என்றார் தலைவர். "தண்ணி கலக்குறானேப்பா! இந்தத் தலைமுறை எங்க போயி நிக்கும்?"

பச்சையப்பன் எழுந்தார். "கெடைக்காதவன்தான் திருடுவான். கடையிலியே ஆளுக்கு அரைக் கிளாஸ் ஊத்திட்டா, அப்புறம் பாட்டிலத் தொடுவானா? என் கைக்காசு. தர்மமா இருக்கட்டும்."

"அளவா," என்றார் சம்மந்தம்.

"பெரியவங்க கண் பார்வையில," என்றார் மணவாளன்.

கலப்படம் அன்றோடு ஒழிந்தது. சபையின் முதல் வெற்றி.

மீன் விற்றுத் திரும்பிய எல்லம்மாள் அந்த வெற்றியை நேரில் கண்டாள். கடை வாசலில் தொண்டர்கள் வரிசை. முன்னால் ராமு, கையில் கிளாஸோடு. கையைப் பிடித்து இழுத்தாள்.

"வுடும்மா," என்றான் நாக்குக் குழற. "ட்யூட்டில இருக்கேன்."

அவள் அறையவில்லை. சட்டையிலிருந்த வில்லையைப் பிடுங்கிப் பச்சையப்பனின் சாராயப் பானையில் போட்டாள். மகனை இழுத்துக்கொண்டு போனாள்.

அந்த வாரமே வீட்டைக் காலி செய்தாள். எங்கள் ஊரிலிருந்து நாலு வயல் தாண்டினால் சென்னை ராஜ்யம்; அங்கே மதுவிலக்குச் சட்டம். அதற்கும் அப்பால் கடலூர்த் துறையில் அவள் அண்ணன் வலை இழுக்கிறான். பாத்திரம் பண்டத்தை வண்டியில் ஏற்றும்போது தலைவரே நேரில் வந்தார்.

"பொறந்த மண்ண வுட்டுட்டுப் போறியே, எல்லம்மா."

"மண்ணு இங்கியே இருக்கட்டும். எனக்குப் புள்ள வேணும்."

"அங்க மட்டும் கள்ளச் சாராயம் இல்லியா?"

"இருக்குது. ஆனா குடிக்கிறவன் பயந்து பயந்து அவனே போயி வாங்குவான். எம்புள்ளயக் கூப்புட்டு ஊத்த அங்க சபை இல்ல."

ராமு வண்டியில் கால்களைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் ஏறி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். வண்டி கிளம்பியது.

கடலூரிலிருந்து நல்ல சேதிதான் வந்துகொண்டிருக்கிறது. மாமனோடு கடலுக்குப் போகிறானாம். தொடுவதே இல்லையாம்.

அண்மையில் சபையின் ஆண்டு விழா, பந்தல், மாலை, மேளத்தோடு நடந்தேறியது. தலைவர் அறிக்கை வாசித்தார்: "சபையின் அயராத உழைப்பால் இவ்வாண்டு குடியிலிருந்து முற்றிலும் மீட்கப்பட்ட சிறுவன், ஒருவன்!" கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று.

யாரிடமிருந்து மீட்கப்பட்டான் என்று கூட்டத்தில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விரல் நீட்டிக் காட்ட வசதியாக, அத்தனை பேரும் மேடையில் வரிசையாகத்தான் உட்கார்ந்திருந்தார்கள்.