முப்பது எண்பத்தெட்டு ஆன கதை

மாறாத அன்பும் மணிக்கொரு தரம் மாறும் கோபமும் கொண்ட சித்திக்கு,

அக்கா மகள், வீட்டார் வாயில் 'வாலு', வணங்கி எழுதுவது. நான் நலமில்லை. அடுத்த அறையில் நீங்களும் நலமில்லை என்பது சாத்திய கதவைப் பார்த்தாலே தெரிகிறது.

மூன்று வாரத்துக்கு முன் என்னை நீங்கள் வேலை பார்க்கும் லேசர் கூடத்துக்குக் கூட்டிப்போய், "எதையும் தொடாதடி, மூச்சைக்கூடப் பார்த்து விடு" என்றீர்களே, மூச்சைப் பார்த்துத்தான் விட்டேன், கைதான் சும்மா இருக்கவில்லை. நொடியைக் கோடித் துண்டாக்கி, அதில் ஒன்றைப் பத்துக் கோடித் துண்டாக்கினால் கிடைக்கும் பொடியில் முப்பதுதான் உங்கள் ஒளித்துடிப்பின் ஆயுள். அதைப் பிடிக்க எந்தக் கடிகாரத்துக்கும் வேகம் போதாததால், துடிப்பையே இரண்டாகப் பிரித்து, ஒன்றைச் சுற்றுவழியில் அனுப்பி, இரண்டும் எவ்வளவு ஒட்டி வருகின்றன என்று பார்த்து அளக்கிறீர்கள் என்றெல்லாம் விளக்கிவிட்டு, லேசரை அணைத்து, டீ வாங்கப் போனீர்கள். நான் பள்ளிச் சோதனைக்கு வாங்கி என் பையில் வைத்திருந்த கண்ணாடிக் கட்டியின் ஓரத்தில் இரண்டு முட்டைக்கண் வரைந்து, துடிப்பை அளக்கும் பெட்டிக்குள் ஒளி போகும் வழியில் வைத்து மூடினேன். திறந்ததும் அது உங்களை முறைக்கணும், நீங்க அலறணும், அவ்வளவுதான் திட்டம். நீங்களோ பெட்டியைத் திறக்கவே இல்லை!

மறுவாரம் சாப்பாட்டு மேசையில், "பசிக்கலக்கா. முப்பதுன்னு எல்லார் முன்னாடியும் சொன்னேன், இப்ப எண்பத்தெட்டு வருது. நான் அளந்ததே தப்புன்னு எங்க கூடத்துப் பெரியவர்கிட்ட ஒத்துக்கிட்டேன்" என்று அம்மாவிடம் சொன்னீர்கள். எனக்கு என் கண்ணாடிக் கட்டி நினைவுக்கு வந்தது. உங்கள் புத்தகத்தைத் திருடிப் படித்தேன். தடித்த கண்ணாடிக்குள் போனால் துடிப்பில் கலந்திருக்கும் நிறங்களில் சிவப்பு முந்துமாம், நீலம் பிந்துமாம். வாசலில் ஒன்றாகக் கிளம்பிய கூட்டம் கடைத்தெருவில் சிதறுவதுபோல் துடிப்பு நீண்டுவிடுமாம். படித்துப் பத்து நாளாகிறது. தினமும் உங்க கதவுவரைக்கும் வந்து திரும்பிட்டேன் சித்தி. தப்பு உங்க அளவுல இல்ல, என் கையிலதான். நாளைக்கே பெரியவர்கிட்ட சொல்லிடுங்க, என் பேரையும் சேர்த்தே சொல்லுங்க.

பெரியவர்களை வாழ்த்த எனக்கு வயதில்லை. உங்கள் துடிப்பு மட்டும் குட்டையாக வாழ்க.

இப்படிக்கு,
கையைக் கட்டிக்கொண்ட
வாலு

பி.கு.: கடிதத்தைச் செருக, சாப்பாட்டு மேசையில் இருந்த உங்கள் கைப்பையைத் திறந்தேன். உள்ளிருந்து என் முட்டைக்கண் என்னையே முறைக்கிறது. அதில் சுற்றிய சீட்டில் உங்கள் கையெழுத்து: "இதை எடுத்து ஒன்பது நாளாச்சு. மறுபடி முப்பதுதான். பெரியவருக்கும் தெரியும், யார் வெச்சதுன்னு மட்டும் சொல்லல. நீயா வந்து சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்னு அளந்துட்டிருக்கேன்." அப்படின்னா இந்த ஒன்பது நாளும் நீங்க சரியா சாப்பிடாதது துடிப்பை நினைச்சு இல்ல, என்னை நினைச்சா, சித்தி?