பெட்டி சொன்னால்தான் வெள்ளம்

நலம்புரி என்றொரு நாடு இருந்தது. அதை ஆண்ட உறங்காவேந்தருக்குக் குடிகளின் கூச்சல் என்றால் ஆகாது. அதனால் ஏரிக்கரைதோறும் சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டியைப் பதித்தார். உள்ளே ஒரு சிம், ஒரு சின்ன பேட்டரி. தண்ணீர் ஏறினால் பெட்டி விழித்து, செல்போன் கோபுரம் வழியாக அரண்மனைக்கு ஒரு சொல் அனுப்பும். அங்கிருந்தபடியே மதகைத் திறந்துவிடுவார்கள். நல்ல ஏற்பாடுதான், யார் இல்லையென்றார்கள்?

தெய்வானைக்கும் நிம்மதியாக இருந்தது. அவள் மகள் பூரணி ஏரிக்குக் கீழே பள்ளத்தெருவில் கைக்குழந்தையோடு குடியிருந்தாள்.

பிறகு ஆணைகள் வரத் தொடங்கின. இனி பெட்டி சொன்னால்தான் வெள்ளம், மனிதர் சொன்னால் வதந்தி என்று கரைக்காவலர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். பேட்டரி நெடுநாள் உழைக்க வேண்டுமென்று பெட்டிகளை மாதம் ஒருமுறை மட்டும் விழிக்கச் செய்தார்கள். அப்படி விழித்தபோதும் சில பெட்டிகள் கெட்ட செய்தியே சொல்லித் தொலைத்தன. அரசரின் மனம் வாடிவிட்டது, பாவம். பேசாத பெட்டி நலமாக இருக்கிறது என்று பொருள், இச்சட்டம் குடிகளுக்கும் பொருந்தும் என்று கடைசி ஆணை முழங்கியது. சபையில் கைதட்டல் ஓயவே இல்லையாம்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கரையில் நீர் கசிவதைக் கண்ட தெய்வானை, சேற்றில் விழுந்தெழுந்து ஏரி அதிகாரி மாசிலாமணியிடம் ஓடினாள்.

"அய்யா, கரை கசியுது. மதகத் தொறக்கச் சொல்லுங்க. கீழ எம் பொண்ணு பச்சப்புள்ளையோட இருக்கா."

"பெட்டி சொன்னதா?"

"அது தூங்குதுங்களே."

"தூங்குகிறதென்றால் நலம். அரசாங்கத்துப் பெட்டி பொய் சொல்கிறது என்கிறாயா?"

"பொய்யும் சொல்லல, நெசமும் சொல்லலீங்க. என்னைய விடுங்கய்யா, புள்ளையவாவது தூக்கிட்டு வந்துடறேன்."

விடவில்லை. வதந்தி பரப்பிய குற்றத்துக்காக அவளைச் சாயங்காலம்வரை அலுவலக பெஞ்சிலேயே உட்கார வைத்தார். நடுப்பகலில் கரை உடைந்தது. அந்தச் சத்தம் பெஞ்சுவரை கேட்டது. பள்ளத்தெருவில் ஒரு கூரைகூட மிஞ்சவில்லை. பூரணியின் உடலை எடுத்தார்கள். குழந்தை கிடைக்கவே இல்லை. பெற்ற வயிறு இதை எப்படித் தாங்கும், சொல்லுங்கள்.

அடுத்த மாதம் தேர்தல். முடிவை அறிவித்த மாசிலாமணி, பள்ளத்தெரு மொத்தமும் அரசருக்கே வாக்களித்திருப்பதாகப் பெருமையோடு வாசித்தார்.

தெய்வானை எழுந்து நின்றாள். "அங்க யாருங்க உசுரோட இருக்கா?"

"யாரும் மறுத்துப் பேசவில்லையே, அம்மா. உன் மகளும்தான்."

தெய்வானை வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. மாசிலாமணி சற்று நேரம் மரியாதையாகக் காத்திருந்தார். பிறகு அவளையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.