பலாச்சுளை டிரம்மும் தாய்மாமனின் ஜலதோஷமும்

ஒரு காட்டில், சிங்கம் கிங்கம் எல்லாம் கிடையாது, சடையாண்டி என்றொரு கரடி இருந்தார். அவர் மகள் பேச்சி மாசமாக இருந்தாள். பலாச்சுளை கேட்டுக் கேட்டு வாயூறிக் கிடந்தாள்.

"அப்பா, ஒரே ஒரு சுளைப்பா."

"மூச்! சீசன் முடிஞ்சு போச்சு, இருக்கிறது இந்த ஒரு பழம்தான். அடுத்த வாரம் வளைகாப்புல சபைக்கு வைக்கணும். இல்லேன்னா மானம் போயிடும்."

பழம் கேட்குமா? மணந்து, கனிந்து, ஈ மொய்க்க ஆரம்பித்துவிட்டது. அப்போதுதான் டவுனுக்குப் போய்வந்த நரி வாயைத் திறந்தது.

"எல்லாத்தையும் கெடுக்கிறது காத்துதாங்க. அதை உறிஞ்சி எடுத்துட்டா பழம் அப்படியே நிக்கும்."

சுற்றுலா வந்தவர்கள் விட்டுப்போன தகர டிரம்மில் சுளைகளைப் போட்டு, மூடி, ஓரமெல்லாம் தேன்மெழுகு பூசினார்கள். பேச்சியின் தாய்மாமன் அம்பலம் ஒரு யானை. கரடிக்கு யானை எப்படி மாமன் என்று கேட்காதீர்கள், உறவென்றால் அப்படித்தான். குழாய் இருந்த ஓட்டையில் தும்பிக்கையை வைத்து ஒரு இழு இழுத்தார். 'டொங்' என்று டிரம்முக்கு வயிறு ஒட்டியது. காடே கைதட்டியது.

தும்பிக்கை மட்டும் திரும்பி வரவில்லை.

"எடுத்துடாதீங்க மச்சான், காத்து உள்ள போயிடும்! வளைகாப்பு வரைக்கும் இப்படியே நில்லுங்க!" என்று சடையாண்டி கெஞ்சினார்.

"எடக்கு ஜலதோஷப்யா," என்றார் அம்பலம், மூக்கடைத்த குரலில்.

யார் கேட்டார்கள்? நரி அவருக்கு 'வெற்றிடக் காவலர்' என்று பட்டம் கொடுத்து மாலை போட்டது. குரங்குகள் க்யூவில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டன.

பேச்சி டிரம்மைக் கட்டிக்கொண்டு மோந்து பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. வாசனையையும் சேர்த்து உறிஞ்சிவிட்டார்களே, பாவிகள்! ஓவென்று அழுதாள். மாமனுக்கு மனசு தாங்கவில்லை. மூக்கும் தாங்கவில்லை.

"ஹ... ஹா... ஹாஆ..."

"அடக்குங்க மச்சான்!"

"ஹச்ச்ச்!"

டமார்! மூடி மரத்துக்கு மேலே பறந்தது. காடெங்கும் சுளை மழை. குரங்குகள் செல்ஃபியை விட்டுவிட்டு வாயைப் பிளந்தன. பேச்சியின் மடியில் மட்டும் பத்துப் பதினைந்து விழுந்தது. நிமிராமல் தின்றாள்.

"ஐயோ, இனி சபைக்கு என்னத்த வைப்பேன்!" என்று சடையாண்டி தலையில் அடித்துக்கொண்டார்.

"டிரம்மை வைங்கப்பா," என்றாள் பேச்சி, வாய் நிறையச் சுளையோடு. "உள்ள ஒண்ணுமே இல்ல. இனிமே கெடவே கெடாது."

நீதி: பிள்ளைத்தாய்ச்சி ஆசைப்பட்டதைத் தாராளமாகப் பூட்டி வைக்கலாம். காவலுக்கு மட்டும் ஜலதோஷம் பிடித்த தாய்மாமனாகப் பார்த்து நிறுத்தவும்.